அழாத குழந்தைகள்

ஒரு அறை நிறையக் கைக்குழந்தைகள். ஆனா ஒரு அழுகைச் சத்தம்கூட இல்லை! ஏன் தெரியுமா? அழுதாலும் தூக்க யாரும் வரமாட்டாங்கன்னு அந்தக் குழந்தைகளுக்குப் பழகிப்போச்சு.

இது ருமேனியா நாட்டில் நடந்தது. 1989-இல் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு விடுதிகளில் இருப்பது வெளியே தெரிந்தது. ஒரு ஆயாவுக்குப் பத்துப் பதினைந்து குழந்தைகள். பால் கொடுக்க, துணி மாற்றவே நேரம் சரி. கொஞ்சுவது யார்? வேலை நேரம் முடிந்தால் வேறு ஆயா வந்துவிடுவார்.

2000-இல் புக்கரெஸ்ட் நகரில் ஒரு ஆய்வு தொடங்கியது. விடுதிக் குழந்தைகள் 136 பேரில், குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புப் பெற்றோர் வீடுகளுக்குப் போனார்கள். அந்தப் பெற்றோருக்குச் சம்பளமும் உண்டு. "மீதிப் பேர் பாவமில்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அப்போது அங்கே வளர்ப்பு வீடுகளே மிகக் குறைவு. பிறகு குடும்பம் கிடைத்தவர்களை யாரும் தடுக்கவில்லை.

முடிவு என்ன? வீட்டுக்குப் போன குழந்தைகளுக்கு அறிவுத்திறன் கூடியது. ஒருவரை நம்பி ஒட்டிக்கொள்ளவும் பழகினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம். 2004-இல் ருமேனியா சட்டமே போட்டது: கடுமையான ஊனம் உள்ளவர்கள் தவிர, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை விடுதியில் சேர்க்கக் கூடாது!

கட்டடம் குழந்தைக்குக் கூரை தரும். ஆனா ராத்திரி அழுதா ஓடிவர, தினமும் அதே முகம் வேணும். நம்மோடு படிக்கிறவர்களில் இல்லத்திலிருந்து வருபவர்களும் இருக்கலாம். அவங்களை 'அநாதை'ன்னு சொல்லாதீங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க!