நின்ற எஞ்சினில் ராட் வளையாது

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. சென்னையின் ஆண்டு மழையில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. மழைக்கு முன்னால் கார் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டியவர்களுக்கு அந்த நாள்தான் உண்மையான கெடு. எஞ்சின் புரொடெக்ட் எனப்படும், எஞ்சினுக்கான கூடுதல் பாதுகாப்பைப் பொதுவாகப் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும். ரெட் அலர்ட் வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குழப்பமும் இதைப் பற்றித்தான். பம்பர் டு பம்பர் எடுத்தவர்கள், வெள்ளத்தில் எஞ்சின் போனாலும் பணம் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். வராமல் போகவே வாய்ப்பு அதிகம். அந்தப் பெயரில் ஏஜென்ட்டுகள் விற்பது, மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஏற்பாடு, அவ்வளவே. வெள்ளச் சேதம் வழக்கமான ஓன் டேமேஜ் பாலிசியிலேயே அடங்கும். நனைந்த சீட், வயரிங் போன்றவற்றுக்குக் கேட்கலாம். ஆனால் அதே பாலிசியில், தொடர் விளைவு இழப்புக்கும் இயந்திரக் கோளாறுக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒரு வரி இருக்கிறது. எஞ்சின் கிளெய்ம்கள் அந்த வரியில்தான் அடிபடுகின்றன.

எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயின் வாய் பல கார்களில் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் உயரத்தில் இருக்கிறது. எதிரே வரும் பஸ் எழுப்பும் ஓர் அலையிலேயே தண்ணீர் அங்கே ஏறிவிடலாம். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டன் காற்றைப் போலவே அழுத்தப் பார்க்கிறது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 300 மி.லி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 30 மி.லி. இருமல் மருந்துக்குத் தரும் 10 மி.லி. மூடியால் மூன்று மூடி! அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் பாதி வழியில் முட்டி நிற்கும். கிராங்க் ஷாஃப்ட்டோ கீழிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் மாட்டிக்கொள்ளும் கனெக்டிங் ராட் வளைகிறது. சில நேரம் உடைந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்துவிடும். ஹைட்ரோ லாக் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

கவலைப்பட வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. ராட் வளைய வேண்டுமானால் எஞ்சின் சுழன்றிருக்க வேண்டும். வாசலில் நிறுத்திய கார் மூழ்கினால் ஆயிலில் தண்ணீர் கலக்கும், துரு ஏறும், ராட் வளையாது. ஆகவே எஞ்சினைப் பிரித்ததும் வளைந்த ராடே சாட்சியாகிவிடுகிறது. வெள்ளம் வண்டியை நனைத்தது, எஞ்சினைக் கெடுத்தது ஓட்டியவர் என்பது நிறுவனத்தின் வாதம். இயற்பியல் சரி, நியாயம் அரைகுறை. ஓடிக்கொண்டிருக்கும்போதே சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறி நின்றுபோன வண்டியிலும், நின்ற பிறகு சாவியைத் திருகிய வண்டியிலும் ராட் ஒரே மாதிரி வளைந்திருக்கலாம். முதலாமவர் செய்த தவறு என்ன? இந்த வித்தியாசத்தைக் கண்டறிய வேண்டிய சர்வேயரை நியமித்துக் கட்டணம் கொடுப்பதும் காப்பீட்டு நிறுவனமே.

அதனால், தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. கதவில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று தெரியும்படி படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, டோ வண்டியில் ஏற்ற வேண்டும். எஞ்சின் புரொடெக்ட் எடுத்தவர்களுக்கும் இதே விதிதான்.

வடிகால் பணிகள் முடிந்துவிட்டன என்ற அறிவிப்பை நம்பி வண்டியைத் தெருவில் விடவும் முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போனதை ஊரே காணொளியில் பார்த்தது. அதனால்தான் 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்ததும் வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். எஸ்.யூ.வி. விளம்பரங்களில் வரும் 650 மி.மீ. போன்ற தண்ணீர் ஆழக் கணக்கும் மெதுவாக ஓட்டினால்தான் பொருந்தும். எதிரே வரும் லாரியின் அலை அந்தக் கணக்கில் கிடையாது.

மற்றக் கேள்விகள்:

டயரை எப்போது மாற்றுவது? பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. மழைக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

வைப்பர்? கோடை வெயிலில் ரப்பர் இறுகியிருக்கும். கண்ணாடியில் கோடு விழுந்தால் பிளேடை மாற்றிவிடுங்கள்.

தண்ணீரைத் தாண்டியதும் பிரேக் பிடிக்கவில்லையே? மெதுவாக ஓட்டிக்கொண்டே சில முறை லேசாக மிதித்தால் ஈரம் காயும்.

மழையில் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு ஓட்டலாமா? கூடாது, நீங்கள் திரும்புவது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

மின்சாரக் காருக்கு ஹைட்ரோ லாக் உண்டா? இல்லை, ஆனால் பேட்டரி மூழ்கியிருந்தால் சர்வீஸ் சென்டரில் பார்க்காமல் சார்ஜ் போடக் கூடாது.

பாலிசி காலாவதியாகிவிட்டது? 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும்.

கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள்? நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். அதையும் மறுத்தால் ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.