காது குத்தப் போறீங்களா? நாள் குறிக்கும் முன் படியுங்கள்!

குழந்தைக்கு ஒரு வயசு நெருங்கினாலே வீட்டில் பேச்சு ஆரம்பமாகிவிடும். ‘குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில உட்கார வச்சு காதைக் குத்திடணும்!’ அப்புறம் என்ன? பத்திரிகை அடித்து, பந்தலுக்குச் சொல்லி, சமையல்காரருக்கு அட்வான்ஸும் கொடுத்தாகிவிடும். மாமன் வீட்டுச் சீர் எத்தனை தட்டு, பந்திக்கு எத்தனை இலை, மொய் நோட்டோடு யார் உட்காருவது... எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஒரே ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. ‘குத்தப்போகிற ஊசி சுத்தமானதா? குழந்தை அதற்குத் தயாரா?’

காது குத்துவது சின்ன விஷயம்தான். ஆனாலும், தோலைத் துளைக்கிற எதுவும் ஒரு குட்டி ஆபரேஷன்தான். அந்த மரியாதையை அதற்குக் கொடுத்தே ஆகவேண்டும்!

கட்டாயம் குத்தித்தான் ஆகணுமா?

மருத்துவ ரீதியாக அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ‘காது குத்தினா குடலிறக்கம் வராது, புத்தி கூர்மையாகும்’ என்றெல்லாம் பாட்டிமார்கள் சொல்வார்கள். இதற்கு நிரூபணம் கிடையாது. சுஸ்ருத சம்ஹிதையில் 6 அல்லது 7-வது மாதத்தில் காது குத்தும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. தப்பான இடத்தில் குத்தினால் காய்ச்சல், வலி, வீக்கம் வரும் என்று அதே நூல் எச்சரிக்கவும் செய்கிறது. முதல் பாதியை மட்டும் நாம் ஞாபகம் வைத்துக்கொண்டோம்!

ஆக, இது சம்பிரதாயம், அழகு, ஆசை. அதில் தப்பே இல்லை. ஆனால் அவசரமும் இல்லை. பெண் வளர்ந்து, ‘எனக்கும் ஜிமிக்கி வேணும்மா’ என்று தானாகக் கேட்கும்வரை காத்திருந்தாலும் சரிதான். பையனுக்கு வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அவன் ஆரோக்கியத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

எந்த வயசில் குத்தலாம்?

பிறந்த சில வாரங்களில் வேண்டவே வேண்டாம். அந்த வயசில் எதிர்ப்புச் சக்தி குறைவு. சின்னக் காய்ச்சல் வந்தால்கூட ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கவேண்டி வரும்.

நம் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி போடுகிறார்கள். டெட்டனஸ், ஹெபடைடிஸ்-பி இரண்டுக்குமான பாதுகாப்பு அதில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மூன்று ஊசியும் போட்டு முடித்த பிறகு காதுகுத்துக்கு நாள் பாருங்கள். தடுப்பூசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது, பஞ்சாங்கம் பார்ப்பதைவிட முக்கியம்!

ஒன்று முதல் மூன்று வயசு வரை கொஞ்சம் சிரமமான பருவம். கை சும்மா இருக்காது. தோட்டைப் பிடித்து இழுக்கும், கழன்றால் வாயில் போட்டுக்கொள்ளும். இந்த வயசில் குத்தினால் கூடுதல் கவனம் தேவை.

யாருக்கு உடனே கூடாது?

காய்ச்சல், சளி, காதில் சீழ், காதோரம் கரப்பான் இருந்தால் தள்ளிப்போடுங்கள். பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் குத்தக்கூடாது.

அம்மா அப்பா யாருக்காவது காது குத்திய இடத்தில் தழும்பு உருண்டையாகத் தடித்து வளர்ந்திருக்கிறதா? அதற்கு ‘கீலாய்டு’ என்று பெயர். இது குடும்பத்தில் வரக்கூடியது. அதனால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். மடியில் உட்கார வைத்துக்கொள்ளப்போகும் தாய்மாமனுக்கு, சின்னக் காயம் பட்டால்கூட ரத்தம் நிற்காமல் வடிகிற கோளாறு உண்டா? ஹீமோஃபீலியா என்கிற இந்த நோய் அம்மா வழியாக ஆண் குழந்தைக்கு வரக்கூடியது. அம்மாவுக்கு வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். அப்படி ஒரு மாமன் இருந்தால், ரத்தப் பரிசோதனை செய்யாமல் அந்தப் பையன் காதில் ஊசி வைக்கவே கூடாது!

எதால் குத்துவது?

ஆசாரி கை பழக்கப்பட்ட கைதான். பிரச்னை அவர் கையில் இல்லை, ஊசியில்தான்! கோயிலில் ஒரே நாளில் பல குழந்தைகளுக்குக் காது குத்துவார்கள். அத்தனை பேருக்கும் ஒரே ஊசி என்றால், ஒரு குழந்தையின் ரத்தம் அடுத்த குழந்தைக்குப் போகிறது. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் பி, சி வகைக் கிருமிகள், எச்.ஐ.வி... எல்லாவற்றுக்கும் இது வழி. ஸ்பிரிட்டில் துடைப்பதோ, நெருப்பில் காட்டுவதோ போதாது.

குழந்தை டாக்டரிடமோ, காது-மூக்கு-தொண்டை டாக்டரிடமோ குத்திக்கொள்வது நல்லது. ‘ஆசாரிதான் குத்தணும்’ என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால், உறை பிரிக்காத புது ஊசியை மருந்துக்கடையில் வாங்கி நீங்களே கொடுங்கள். அவர் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். சில கடைகளில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் குத்துகிறார்கள். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் அந்தக் கருவியை முழுசாகக் கிருமி நீக்க முடியாது. தவிர்த்துவிடுங்கள்.

குத்த வேண்டிய இடம் காது மடலின் கீழே தொங்கும் சதைப் பகுதி மட்டுமே. மேல்பக்கம் குருத்தெலும்பு. அதற்கு நேரடி ரத்த ஓட்டம் இல்லாததால், அங்கே சீழ் பிடித்தால் சுலபத்தில் ஆறாது. காதே சுருங்கி உருமாறிப்போகலாம்.

குத்திய கையோடு தாய்ப்பால் கொடுங்கள், அழுகை சட்டென்று அடங்கும். மரத்துப்போகச் செய்யும் க்ரீமை டாக்டர் சொன்னால் மட்டுமே தடவலாம்.

எந்தத் தோடு?

‘அப்புறமா தங்கம் போட்டுக்கலாம், இப்ப கவரிங் போதும்’ என்று நினைக்காதீர்கள். ஆறாத புண்ணில் நிக்கல் கலந்த உலோகம் பட்டால் அலர்ஜி தொற்றிக்கொள்ளும். வந்துவிட்டால் அநேகமாக ஆயுசுக்கும் போகாது. பிறகு வாட்ச், பெல்ட் கொக்கி பட்டால்கூட அரிக்கும். 22 காரட் தங்கத்தில் 91.6 சதவீதம் தங்கம். அதில் மெல்லிய சின்ன வளையமோ, கூர்முனை இல்லாத, திருகாணி வைத்த குட்டித் தோடோ போதும். திருகாணியை இறுக்கி முடுக்காதீர்கள். காது வீங்கினால் அது சதைக்குள் புதைந்துவிடும். தொங்கட்டான் இப்போது வேண்டாம். இழுபட்டால் காது கிழிந்துவிடும்.

அப்புறம்?

தினம் இரண்டு வேளை, கையைக் கழுவிவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புக் கரைசலை (சலைன்) சுத்தமான பஞ்சில் நனைத்து முன்னும் பின்னும் துடையுங்கள். மஞ்சள், எண்ணெய், பவுடர், வேப்பங்குச்சி... எதுவும் வேண்டாம். ஆறு வாரம் தோட்டைக் கழற்றாதீர்கள். அதற்குள் கழற்றினால் துளை மூடிக்கொள்ளும்.

முதல் ஓரிரு நாள் லேசான சிவப்பு சகஜம். வீக்கம் பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், திருகாணி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போனால், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று இருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

விழா நாளும் ஊசியும்

குறித்த நாளில் குழந்தைக்குக் காய்ச்சல்! ஊரே வந்தாயிற்று. என்ன செய்வது? மொட்டையை, மாமன் சீரை, பந்தியை நடத்திக்கொள்ளுங்கள். ஊசியை மட்டும் இரண்டு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே டாக்டரிடம் குத்திவிட்டு, காது ஆறிய பிறகு விழாவன்று மாமன் மடியில் புதுத் தோடு போட்டாலும் அழகாகத்தான் இருக்கும். ‘காய்ச்சலோட குத்தினா என்ன, நாங்கள்லாம் வளரலையா?’ என்று யாராவது கேட்டால் அசைந்து கொடுக்காதீர்கள். விழா சொந்தபந்தங்களுக்கு. காது குழந்தையுடையது. நல்ல நேரம் என்பது குழந்தை நன்றாக இருக்கும் நேரம்தானே!