விமானம் விட்டுச்செல்லும் சுழல்



பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையில் மிதிவண்டியோட்டியவர்க்கு இவ்வநுபவம் வாய்த்திருக்கும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியொன்று விரைந்து கடக்கும். மறுகணம் கைப்பிடி நம் வசத்தில் இராது. லாரி நம்மைத் தீண்டவில்லை; அது கலைத்த காற்றே தள்ளியது. அவ்வாறு சாலையோரப் பள்ளத்தில் நானும் ஒருமுறை இறங்கியிருக்கிறேன்.

லாரியின் காற்று நொடியில் அடங்கும். பெரிய விமானத்தின் காற்று அவ்வாறு அடங்குவதில்லை. விமானத்தின் இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் மிகுதி, மேலே குறைவு; இவ்வேறுபாடே அதனைத் தாங்குகிறது. ஆயின் இறக்கை நுனியில் கீழ்க்காற்று மேல்நோக்கிச் சுருண்டு ஏறுகிறது. இரு நுனிகளிலிருந்தும் இரு சுழல்கள், படுத்துக் கிடக்கும் சூறைக்காற்றைப்போல், பின்னே நீள்கின்றன. விமானம் கனத்ததாகவும் வேகம் குறைந்ததாகவும் இருக்குந்தோறும் சுழல் வலுக்கும். தரையை விட்டெழும் வேளையில் இவ்விரண்டும் சேர்ந்துவிடுகின்றன.

கோடையில் நம் கரிசற்காட்டில் எழும் சுழற்காற்றைப் புழுதி காட்டிக்கொடுக்கும். இதற்கோ அடையாளமே இல்லை. பலத்த காற்று இதனைச் சிதறடிக்கும். அமைதியான இளங்காலையில் நிமிடக்கணக்கில் நிலைக்கும். தரையருகே இரு சுழல்களும் பக்கவாட்டில் விலகிச் செல்லும் இயல்பின. குறுக்கே மெல்லிய காற்று வீசினாலோ, ஒரு சுழல் விலக இயலாமல் ஓடுபாதைமீதே தங்கிவிடும். பழகுநர் விரும்பும் இனிய காலைப்பொழுதே இவ்வகையில் பொல்லாதது!

சிறு விமானம் இதனுட் புகுந்தால் ஓர் இறக்கை மேலும் மற்றொன்று கீழுமாகப் புரளும். அதனை நிமிர்த்த ஓட்டுநரின் கருவிகள் போதா. நிமிர்த்துவதற்கு உயரமும் இராது. சிறு விமானம் மட்டுமன்று: 1972 மே 30 அன்று அமெரிக்காவில் ஃபோர்ட் வொர்த் அருகே, டிசி-10 விமானத்தைத் தொடர்ந்து தரையை நெருங்கிய டிசி-9 பயிற்சி விமானம் புரண்டு வீழ்ந்து நால்வர் மாண்டனர்.

இன்றைய பன்னாட்டு விதிப்படி 7,000 கிலோகிராமுக்கு மேற்படாதது இலேசான விமானம். 1,36,000 கிலோகிராமும் அதற்கு மேலும் கனத்தது. கனத்தது எழுந்தபின் இலேசானது 2 நிமிடம் காத்திருத்தல் வேண்டும். ஓடுபாதையின் இடையிலிருந்து புறப்படுமாயின் 3 நிமிடம். காரணம் உண்டு. பாதையின் தொடக்கத்திலிருந்து ஓடும் சிறு விமானம், பெரியது எழுந்த இடத்தை எட்டுமுன்பே மேலெழுந்து, அதன் வழிக்கு மேலே நிற்க முயலலாம். இடையிலிருந்து புறப்பட்டாலோ, சுழல் இறங்கிக்கொண்டிருக்கும் இடத்தினூடே செல்ல நேரும். ஆதலின், பாதி ஓடுபாதையே போதுமான சிறு விமானத்தையும் கோடிவரை ஓட்டிச் சென்று திருப்புகிறார்கள், பட்டறிவுள்ள ஓட்டுநர்கள்.