பறிபோன நாள்களுக்கு இழப்பீடு

கைது செய்யப்படும் ஒருவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்பது மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 5ஆவது பிரிவு வகுத்துள்ள பொதுவிதியாகும். எனினும், குற்றமற்ற ஒருவர் தண்டனை அனுபவித்தபின் விடுவிக்கப்பட்டால் அவருக்கு அரசு இழப்பீடு தந்தே ஆக வேண்டும் என்று கூறும் தனிச்சட்டம் இந்நாட்டில் இல்லை. சட்டவிரோதமாகக் காவலில் வைக்கப்பட்டவரும் உரிமையியல் வழக்கை, அதாவது குற்ற வழக்கிலிருந்து வேறான இழப்பீட்டு வழக்கை, தாமே தொடுக்க வேண்டும்.

அவ்வழி எவ்வளவு கடினமானது என்பதை அப்துல் மாலிக் உசேன் வழக்கு காட்டுகிறது. விசாரணையின்றித் தடுத்துவைக்க இடமளித்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1998 செப்டம்பரில் கைதான அவருக்கு, சட்டவிரோதக் காவலுக்காகவும் காவலில் தாக்கப்பட்டதற்காகவும் 25 லட்சம் ரிங்கிட் வழங்குமாறு 2007இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் 10 லட்சம், அதிகார அத்துமீறலைக் கண்டிக்கும் வகையில் விதிக்கப்படும் முன்மாதிரி இழப்பீடு. ஆனால் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

இந்தியாவில், 1968இல் விடுதலையான பின்னும் 14 ஆண்டுகள் சிறையிலேயே வைக்கப்பட்டிருந்த ருதுல் சாவுக்கு 1983இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தொகை வெறும் 35,000 ரூபாய். தெளிவான சட்டம் இல்லாத இடத்தில் மனிதச் சுதந்திரத்தின் மதிப்பு இவ்வாறு தீர்ப்புக்குத் தீர்ப்பு மாறுவது நியாயமாகாது.

மலேசியாவில் அரசு அதிகாரிகள்மீது வழக்குத் தொடுக்க, 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, 36 மாதங்களே அவகாசம் என்பதால் பாதிக்கப்பட்டோர் வழக்கறிஞரை உடனே நாட வேண்டும்.