ஒரே மொடல் ராம், ஆனா ஒத்துப்போகேல்லை

இந்த எபிசோடில் கொம்பியூட்டர் கட்டுறதைப் பற்றிக் கதைச்சம். நேரம் போனதால ராம் பகுதியை விட்டிட்டம். எனக்கு ஆகப் பெரிய பாடம் படிப்பிச்சது அதுதான், அதை இங்க எழுதிறன்.

போன வருசம் என்ர மெஷினில 16 ஜிபி ஸ்டிக் இரண்டு இருந்தது. வீடியோ எடிட் பண்ணக் காணாது எண்டு அதே மொடலில இன்னொரு செற் வாங்கி, நாலு ஸ்லாட்டையும் நிரப்பினன். முதலில கனநேரம் திரை கறுப்பு. (அதுக்குப் பயப்பட வேண்டாம். புது டிடிஆர்5 பூட்டினால், அதோட ஒத்துப்போக மதர்போர்டுக்குச் சில நிமிடம் எடுக்கும்.) பிறகு 64 ஜிபி எண்டு காட்டிச்சு. பயோஸில எக்ஸ்போவை ஒன் பண்ணி 6000 வேகத்தில விட்டன்.

அந்தக் கிழமைதான் அக்காவின்ர சாமத்தியவீட்டுக் கசற்றை டிஜிட்டலாக்கினன். 1998இல எடுத்தது. ஃபைல் நடுவில பழுதாகி இருந்தது. திரும்ப ஓட்ட, பழைய நாடா சிக்கி அறுந்திட்டுது. அம்மம்மா சிரிச்சுக்கொண்டு ஆராத்தி எடுக்கிற இடம் இப்ப எங்களிட்ட இல்லை. அம்மா ஒண்டும் சொல்லேல்லை. பேசியிருந்தாலும் பரவாயில்லை.

அண்டு இரவு மெம்டெஸ்ட்86 ஓட்டினன். திரை முழுக்கச் சிவப்பு. புது ஸ்டிக் இரண்டையும் கழட்டினன். ஒரு பிழையும் இல்லை.

ஏன் இப்படி? பெட்டியில் உள்ள 6000 என்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் செற்றுக்கு மட்டும் சோதித்த வேகம். ஒரே மொடல் எண் இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். நாலு ஸ்டிக் போட்டால் சிபியூவுக்கும் சுமை கூடும். ரைசன் 7000 சிபியூக்களுக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலுக்கு வெறும் 3600. எக்ஸ்போ, எக்ஸ்எம்பி இரண்டுமே ஓவர்கிளாக்தான்.

வாங்கமுதல் இதைப் பாருங்கோ:

• டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான். ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. மாறிப் பூட்ட முடியாது. ஏஎம்5 போர்டுக்கு டிடிஆர்5 மட்டுமே.

• மதர்போர்ட் கொம்பனியின் தளத்தில் உங்கள் மொடலுக்கான மெமரி பட்டியல் இருக்கும். ஸ்டிக்கின் முழு எண்ணையும் அதில் தேடுங்கோ.

• 64 ஜிபி வேணுமெண்டால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டு உள்ள ஒரே செற்றாக வாங்குங்கோ. நாலு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் சிபியூவில் இருந்து இரண்டாவது, நாலாவது ஸ்லாட்.

• பெரிய எயர் கூலர் இருந்தால் ராமின் உயரத்தையும் அளவுங்கோ.

மிச்சம் மூண்டு கசற்றும் பிறகு பிழையில்லாமல் ஏறிட்டுது. உங்கட வீட்டு அலுமாரியிலும் கசற் கிடந்தால், முதல்ல ஒரு இரவு மெம்டெஸ்ட். பிறகுதான் பிளே.