இடிக்கப்பட்ட குடியிருப்பும் இணையத்தில் எழுதிய நாட்குறிப்பும்

யமுனையின் மேற்குக் கரையில், பிரகதி மைதானத்துக்கு அருகே, ரிங் ரோட்டை ஒட்டி நங்லா மாஞ்சி என்றொரு குடியிருப்பு இருந்தது. அனல் மின் நிலையத்தின் சாம்பல் கொட்டப்பட்ட பள்ளத்தை மேடாக்கி, பிழைப்புத் தேடித் தில்லிக்கு வந்தவர்கள் அங்கே வீடு கட்டிக் கொண்டனர். 2006-ம் ஆண்டு அந்தக் குடியிருப்பு முழுவதுமாக இடித்து அகற்றப்பட்டது. யமுனைக் கரை ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவே அதற்குக் காரணம். தலைநகரின் நாளேடுகளுக்கு அது சில நாள் செய்தி; உள்பக்கத்தில் ஒரு படம், புல்டோசருக்கு முன்னால் நிற்கும் ஒரு பெண்மணி, அத்துடன் முடிந்தது.

அங்கு வாழ்ந்த இளைஞர்கள் சிலர் மட்டும் அந்த மாதங்களை நாள் தவறாமல் எழுதி வைத்தனர். கணக்கெடுக்க வந்த அதிகாரிகள் எந்தக் காகிதத்தைக் கேட்டனர், எதை ஏற்கவில்லை என்பதை எழுதினர். குடும்ப அட்டையில் இருந்த பெயருக்கும் வாக்காளர் பட்டியலில் இருந்த பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபட்டதால் தவித்தவர்களைப் பற்றி எழுதினர். இடிப்பதற்கு முன்பே தங்கள் வீட்டைத் தாங்களே பிரித்து, கதவையும் தகரத்தையும் பத்திரப்படுத்திய அண்டை வீட்டாரைப் பற்றி எழுதினர். இந்தியிலும், மொழிபெயர்ப்பாக ஆங்கிலத்திலும் அவை ஒரு வலைப்பதிவில் வெளியாயின. லட்சுமி நகரில் குடியிருப்பவரும் லண்டனில் குடியிருப்பவரும், அதுவரை பேருந்து ஜன்னல் வழியாகக் கூடக் கவனித்திராத ஒரு குடியிருப்பின் சமையலறைக்குள் அதன் வழியாகவே நுழைந்தனர்.

முகமறியாத ஒருவரின் வாழ்க்கை, அவருடைய சொற்களிலேயே, பத்திரிகை ஆசிரியர் எவருடைய கத்தரிக்கோலும் படாமல் வாசகரின் மேஜைக்கு வருவது என்பது 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இந்தியாவுக்கு நேர்ந்த புதுமை. அதன் மற்ற கதைகள் எல்லாம் பலமுறை சொல்லப்பட்டுவிட்டன. இந்த ஒரு கதை போதுமான அளவு சொல்லப்படவில்லை.

பட்டா இல்லாதவர்களின் சிட்டா

இந்தியில் வலைப்பதிவுக்குச் "சிட்டா" என்று பெயர். 2003-ம் ஆண்டு ஏப்ரலில் "நௌ தோ கியாரஹ்" என்ற பெயரில் முதல் இந்தி வலைப்பதிவைத் தொடங்கிய ஆலோக் குமார் வழங்கிய சொல் அது. கணக்குக் குறிப்பு, விவரச் சீட்டு என்பது அதன் பொருள். ஒருவருடைய அந்தரங்க விவரம் முழுவதையும் போட்டு உடைப்பதை வட நாட்டில் "கச்சா சிட்டா" என்பார்கள். தமிழக வருவாய்த் துறையில் பட்டாவோடு சேர்த்துச் சொல்லப்படும் சிட்டாவும் இதே சொல்தான். தமிழில் "வலைப்பதிவு", "வலைப்பூ" என்ற சொற்கள் நிலைத்தன. 2004-ல் தொடங்கிய "தமிழ்மணம்" திரட்டி, ஒருவர் எழுதியதை ஆயிரம் பேர் கண்டுகொள்ள வழி செய்தது.

நங்லா மாஞ்சியின் இளைஞர்களுக்குக் கணினி வானத்திலிருந்து விழுந்துவிடவில்லை. தில்லியில் இயங்கும் வளரும் சமூகங்களுக்கான ஆய்வு மையத்தின் "சராய்" அமைப்பும், மாற்றுக் கல்விக்காகப் பாடுபடும் "அங்குர்" அமைப்பும் இணைந்து 2001-ல் "சைபர் மொஹல்லா" என்ற திட்டத்தைத் தொடங்கின. லோக்நாயக் ஜெயப்பிரகாஷ் மருத்துவமனையை ஒட்டிய குடிசைப் பகுதியில் முதல் கணினிக்கூடம் அமைந்தது. பின்னர் தட்சிணபுரியிலும் நங்லா மாஞ்சியிலும் கூடங்கள் வந்தன. தட்சிணபுரியே நெருக்கடி நிலைக் காலத்தில் நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டு உருவான மறுகுடியமர்வுப் பகுதி என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

கணினியில் வேலை கற்றுக் கொடுத்து இளைஞர்களைத் தட்டச்சுப் பணியாளர்களாக ஆக்குவது அத்திட்டத்தின் நோக்கமாக இருக்கவில்லை. தெருவில் கண்டதையும் கேட்டதையும் எழுதி, கூடி அமர்ந்து படித்து, மற்றவர் சொல்லும் குறையைக் கேட்டுத் திருத்தி எழுதுவதே அன்றாடப் பயிற்சி. "இபாரத்" என்ற சுவர் இதழை அவர்களே தயாரித்துத் தங்கள் சந்துகளில் ஒட்டினர். தேநீர்க் கடையில் காத்திருப்பது, பொதுக் குழாயில் தண்ணீர் வருவது, ஒரு பெண் வேலைக்குப் புறப்படும்போது தெரு அவளைப் பார்ப்பது என்று எழுதப் பழகிய கைகளுக்குத்தான், 2006-ல் எழுத வேறு ஒரு விஷயம் வந்து சேர்ந்தது.

அந்த எழுத்தில் ஓலம் இல்லை என்பதே அதன் வலிமை. குடிசைவாசி என்றால் அழ வேண்டும் அல்லது முழக்கமிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் வாசகருக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். தில்லி அரசின் விதிப்படி 1990-க்கு முன் குடியேறியதை நிரூபிக்க முடிந்தவருக்கு 18 சதுர மீட்டர் மனை. அதற்குப் பின் 1998 வரை வந்தவருக்கு 12.5 சதுர மீட்டர். அதற்குப் பின் வந்தவருக்கு ஒன்றுமில்லை. இந்த விதியை அரசாணையில் படிப்பது வேறு. இருபது ஆண்டுகளாக அடுத்தடுத்து வாழ்ந்த இரு வீட்டாரில் ஒருவருக்குச் சீட்டு கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காத மாலைப் பொழுதைப் பக்கத்து வீட்டுக்காரரே எழுதிப் படிப்பது வேறு. தகுதி பெற்றவர்கள் மேற்குத் தில்லியின் எல்லையில், நகர மையத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சாவ்தா கேவ்ராவின் வெற்று மனைகளுக்கு அனுப்பப்பட்டனர். அதே யமுனையின் எதிர்க்கரை வெள்ளச் சமவெளியில் 2005 நவம்பரில் அக்ஷர்தாம் கோயில் திறக்கப்பட்டிருந்தது. 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கான வீரர்கள் குடியிருப்பும் அங்கேயே எழுந்தது. ஆற்றின் மீதுள்ள அக்கறை கரைக்குக் கரை வேறுபட்டது.

தன்னையே பார்த்துக் கொண்ட வர்க்கம்

நங்லா மாஞ்சியை அன்றைய வலைப்பதிவு உலகின் பிரதிநிதி என்று சொல்லிவிட முடியாது. விதிவிலக்கு அது. அன்றைக்கு வீட்டில் கணினியும் இணைய இணைப்பும் வைத்திருந்தவர்கள் சொற்பம். அவர்களில் எழுத நேரமும் ஆங்கிலமும் வாய்த்தவர்கள் அதிலும் சொற்பம். தில்லியின் ஆங்கில வலைப்பதிவுகளைப் படித்தவர்களும் எழுதியவர்களும் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தினர். அடுத்தவர் வாழ்க்கையைக் கண்டுகொண்டதாக அவர்கள் நினைத்தது பல நேரங்களில் தம் வாழ்க்கையின் மறுபிரதியையே.

ஆயினும் அதற்குள்ளும் திறந்த கதவுகள் உண்டு. தலைநகரில் தனித்து வாழும் இளம்பெண்ணின் அன்றாடத்தை 2004 முதல் எழுதிய மீனாட்சி ரெட்டி மாதவனுக்கு வாசகர்களும் வசவுகளும் ஒருங்கே கிடைத்தன. 2008-ல் அவருடைய நாவல் வெளிவந்தது. அதே ஆண்டில் இந்திப் பெண் எழுத்தாளர்கள் கூடி "சோக்கேர் பாலி" என்ற கூட்டு வலைப்பதிவைத் தொடங்கினர். கண்ணில் விழுந்த மணல் என்று பொருள்படும், தாகூரின் நாவல் பெயர் அது. சமையலறையிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் எழுதிய அப்பெண்களின் பதிவுகளுக்கு வந்த மறுமொழிகளே, உறுத்தியது என்ன என்பதைத் தெளிவாக்கின. தொலைக்காட்சிச் செய்தியாளர் ரவீஷ் குமார் தாமும் "கஸ்பா" என்ற பதிவை எழுதியதோடு, இந்தி நாளேடொன்றில் பிறருடைய பதிவுகளை அறிமுகப்படுத்தும் பத்தியையும் எழுதினார். சிறு நகரங்களில் யாரும் படிக்க மாட்டார்கள் என்று எண்ணி எழுதியவர்கள், திடீரெனத் தம் பெயரைச் செய்தித்தாளில் கண்டனர்.

மயங்க் ஆஸ்டென் சூஃபியின் "தி தில்லிவாலா" 2007-ல் தொடங்கியது. பிச்சைக்காரர், ரிக்ஷாக்காரர், பழைய புத்தகக் கடைக்காரர், தர்காவில் உறங்குபவர் என்று பேர் தெரியாதவர்களைப் பேர் சொல்லி எழுதும் பதிவு. தில்லியின் 1.30 கோடி மக்களில் ஒரு சதவீதத்தினரைப் பற்றி எழுதுவது என்று அவர் இலக்கு வைத்தார். அதாவது 1.30 லட்சம் பேர். ஓர் ஆயுளில் முடிகிற காரியமல்ல. ஜி.பி. ரோடு பாலியல் தொழிலாளர்களிடையே பழகி அவர் எழுதிய நூல் 2012-ல் வெளிவந்தது.

அரசின் கதவடைப்பு

நங்லா மாஞ்சி இடிபட்ட அதே 2006-ல்தான் மத்திய அரசு வலைப்பதிவுகளை முதன்முதலில் பெரிய அளவில் தொட்டது. ஜூலை 11-ம் தேதி மும்பை புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. அடுத்த சில நாள்களில் நாடெங்கும் வலைப்பதிவுகள் திறக்கவில்லை. தொலைத்தொடர்புத் துறை இணையச் சேவை நிறுவனங்களுக்கு அனுப்பிய பட்டியலில் இருந்தவை இருபதுக்கும் குறைவான முகவரிகளே. குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் தடுக்கும் திறனோ பொறுமையோ இல்லாத நிறுவனங்கள், பிளாக்ஸ்பாட், டைப்பேட், ஜியோசிட்டீஸ் ஆகிய மூன்று தளங்களையும் முழுமையாக மூடிவிட்டன. அடுப்பங்கரையைப் பற்றி எழுதியவரும் கவிதை எழுதியவரும் ஒரே நாளில் காணாமல் போயினர். 2005 ஜூலை 26 பெருமழையின்போது மும்பைவாசிகள் ஒருவருக்கொருவர் உதவத் தொடங்கிய, குண்டுவெடிப்புக்குப் பின் மருத்துவமனைத் தகவல்களைத் தந்து கொண்டிருந்த பதிவும் பிளாக்ஸ்பாட்டில்தான் இருந்தது. 2004 டிசம்பர் சுனாமியின்போது தமிழகக் கடலோரம் உள்பட ஆசியா முழுவதற்கும் நிவாரணத் தகவல்களைத் திரட்டிய பதிவும் அங்கேதான்.

அந்த நாள்களில் நடந்த ஒரு வேடிக்கை மறக்கப்படக் கூடாதது. அதே ஆண்டின் தொடக்கத்தில் டென்மார்க் கேலிச்சித்திர விவகாரத்தை ஒட்டிப் பாகிஸ்தானும் பிளாக்ஸ்பாட்டை மூடியிருந்தது. அதைச் சுற்றிச் சென்று படிப்பதற்காகப் பாகிஸ்தானியருக்கென ஒரு மாற்று வாயில் உருவாக்கப்பட்டிருந்தது. ஜூலையில் இந்திய வாசகர்கள் தம் சொந்த நாட்டுப் பதிவுகளைப் பாகிஸ்தானியருக்கான அந்த வாயில் வழியாகப் படித்தனர்.

தடைக்கான காரணத்தைக் கேட்டு வலைப்பதிவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு செய்தனர். அச்சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. எதிர்ப்பு வலுத்தபின், பட்டியலில் உள்ள பக்கங்களை மட்டும் தடுக்குமாறு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. பின்னர் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, "எரிச்சலூட்டும்" பதிவைக்கூடக் குற்றமாக்கியது. 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் இணையப் பக்கங்களைத் தடை செய்ய அதிகாரம் தரும் 69ஏ பிரிவு அதே தீர்ப்பில் நிலைநிறுத்தப்பட்டது. அதன் கீழ் 2009-ல் வகுக்கப்பட்ட விதிகள் தடை நடவடிக்கைகளை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. 2006-ல் பட்டியலாவது வெளியே கசிந்தது.

உரிமையாளரின் கதவடைப்பு

அரசு சில நாள்களுக்கு மூடிய மூன்று தளங்களில் இரண்டை, அவற்றின் உரிமையாளர்களே நிரந்தரமாக மூடிவிட்டனர். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. டைப்பேட் 2025 செப்டம்பர் 30-ம் தேதி மூடப்பட்டது. எழுதியவர் விழிப்பாக இருந்து முன்கூட்டியே பிரதி எடுத்திருந்தால் உண்டு; இறந்துவிட்டவரும் மறந்துவிட்டவரும் எழுதியவை போனவை போனவைதான். எஞ்சியிருப்பது கூகுள் நிறுவனத்தின் பிளாக்ஸ்பாட் மட்டும். இந்த மூடல்களுக்கு எதிராக யாரும் தகவல் உரிமை மனு போட முடியாது.

பழைய பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் அமெரிக்காவின் "இன்டர்நெட் ஆர்கைவ்" இன்றைய ஆய்வாளர்களுக்கு ஒரே புகலிடம். அதற்கும் 2017 ஆகஸ்டில் இந்தியாவில் பூட்டு விழுந்தது. இரண்டு இந்தித் திரைப்படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கக் கோரிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த 2,600-க்கும் மேற்பட்ட முகவரிகளில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. பின்னர் திறந்தது. ஒரு நாட்டின் கால் நூற்றாண்டு நினைவு, படத் தயாரிப்பாளர் தயாரித்த பட்டியலின் ஒரு வரியில் அடங்கிப் போகலாம் என்பது அப்போது தெரிந்தது.

பிரிட்டன் 2013 ஏப்ரல் முதல் இணையப் பக்கங்களையும் தேசிய நூலகங்கள் சேமிக்கச் சட்டம் செய்திருக்கிறது. இந்தியாவின் 1954-ம் ஆண்டு நூல் வழங்கல் சட்டம் அச்சிட்ட நூல்களையும் இதழ்களையும் நினைத்து எழுதப்பட்டது. நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கும் இது ஒரு குறையாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

2025 ஜூன் 1-ம் தேதி தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலை ஒட்டிய "மதராஸி கேம்ப்" இடிக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து வந்து தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள். சுமார் 370 குடிசைகள். அங்கும் நீதிமன்ற உத்தரவு, அங்கும் தகுதிப் பட்டியல். தகுதி பெற்றவர்களுக்கு நகரின் வட கோடியில் நரேலாவில் வீடு. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. இடிப்புக் காட்சிகள் கைப்பேசிகளில் பதிவாகி அன்று மாலைக்குள் தமிழகம் முழுவதும் பரவின. அரை நிமிடக் காணொளி புல்டோசரைக் காட்டும். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அந்த வீடுகளுக்குள் நடந்த பேச்சைக் காட்டாது. நங்லா மாஞ்சியின் இளைஞர்கள் எழுதி வைத்தது அதைத்தான்.

அவர்களுடைய எழுத்தில் ஒரு பகுதி பிழைத்தது. இருபது இளைஞர்கள் எழுதியவை தொகுக்கப்பட்டு 2007-ல் "பஹுரூபியா ஷஹர்" என்ற இந்தி நூலாகவும், ஸ்வேதா சர்தாவின் மொழிபெயர்ப்பில் 2010-ல் "டிரிக்ஸ்டர் சிட்டி" என்ற ஆங்கில நூலாகவும் வெளிவந்தன. அச்சில் வந்துவிட்டதால், 1954-ம் ஆண்டுச் சட்டப்படி அவற்றின் ஒவ்வொரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகம், தில்லி பொது நூலகம், மும்பை மத்திய நூலகம் ஆகியவற்றோடு சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் வந்து சேர வேண்டும். நூலில் இடம் பெறாத பதிவுகளைக் கேட்டு வாங்கி வைக்க எந்த நூலகத்துக்கும் சட்டம் இல்லை.