ஒட்டகத்தின் பின்னால் மூன்று நாள்

லீவு மனுவில் காரணம் என்ற இடத்தில் "ஜெய்சால்மர் செல்ல" என்று எழுதினேன். அதைப் படித்த பெரிய கிளார்க் சிரித்துவிட்டார். "மணலைத் தவிர அங்கே என்னய்யா இருக்கிறது? அதையும் நடந்தா போய்ப் பார்க்கப் போகிறீர்?" என்றார்.

நடந்துதான் பார்த்தோம். நானும், கணக்குப் பிரிவு நண்பர் ஒருவரும். சென்ற டிசம்பரில் மூன்று பகல், இரண்டு இரவு. எங்களுக்கு முன்னால் ஒரு வழிகாட்டி. அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். அவர் கையில் கயிறு. கயிற்றின் முனையில் ஓர் ஒட்டகம். அதன் மேல் நாங்கள் ஏறவில்லை. தண்ணீர், மாவு, கம்பளி, அடுப்புச் சட்டி எல்லாம் ஏறின.

பாந்த்ராவிலிருந்து சூர்யநகரி எக்ஸ்பிரசில் ஜோத்பூர். அங்கிருந்து ஜெய்சால்மருக்கு இன்னொரு வண்டி. ரயில்வே பாஸ் இருந்ததால் அந்தச் செலவு இல்லை. ஜெய்சால்மரில் இறங்கியதுமே ஏஜெண்டுகள் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கு 6 ஆயிரம் ரூபாய் கேட்டார் ஒருவர். நாங்கள் பிடிகொடுக்காமல் பஸ் ஏறி, தென்மேற்கே சுமார் 45 கிலோ மீட்டரில் உள்ள குரி என்ற கிராமத்துக்குப் போய்விட்டோம். அங்கே விசாரித்து இவரைப் பிடித்தோம். ஆளுக்கு 4 ஆயிரம் என்று பேசி முடித்தோம். ஏஜெண்டு மூலம் வந்திருந்தால் தன் கைக்கு மூன்றில் ஒரு பங்குகூட வந்திராது என்றார் அவர்.

நாங்கள் அவரை "காகாசா" என்று கூப்பிட்டோம். அந்த ஊரில் சித்தப்பாவை மரியாதையாக அழைப்பது அப்படித்தான். அவருக்கு நாங்கள் இருவருமே "பாபுஜி".

தண்ணீர்க் கணக்கு

புறப்படும் முன் காகாசா இரண்டு கேன் தண்ணீரைக் காட்டினார். ஒவ்வொன்றும் 20 லிட்டர். "மூன்று பேருக்கு மூன்று நாளைக்கு இதுதான்" என்றார். ஆளுக்கு நாளொன்றுக்கு நாலரை லிட்டர்கூட வராது. குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து! சாலில் காலை 5 மணிக்குக் குழாயடியில் வாளி வைத்துப் பழகிய நமக்குக்கூட அது சின்னக் கணக்கு.

முதல் நாள் மாலை நண்பரின் காலில் கொப்புளம். புது கேன்வாஸ் ஷூ கடித்துவிட்டது. எரிச்சல் தாங்காமல் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக் காலில் ஊற்றிவிட்டார். காகாசா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்துபோய்க் கேன்களை ஒட்டகத்தின் மறுபக்கம் வைத்துக் கட்டினார். அன்று இரவு அவர் டீ குடிக்கவில்லை. "வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

அந்த ரொட்டி கம்பு ரொட்டி. நம் ஊர்க் கம்புதான். தொட்டுக்கொள்ள, உலர்ந்த நெற்றையும் ஒரு வகைக் காட்டுக்காயையும் சேர்த்துச் செய்த கறி. நெற்று எந்த மரத்தினுடையது என்று கேட்டேன். மறுநாள் காட்டினார். பார்த்தால், நம் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னி மரம்! அங்கே கேஜ்ரி என்கிறார்கள். இந்த மரத்தை வெட்ட விடாமல் 1730-ம் ஆண்டு ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் 363 பிஷ்னோய் மக்கள் உயிர்விட்டார்கள். காகாசா அடுப்பு மூட்ட ஒரு பச்சைக் கொப்பைக்கூட ஒடிக்கவில்லை. கீழே விழுந்த சுள்ளியும் காய்ந்த ஒட்டகச் சாணமும்தான். பாத்திரம் தேய்க்க மணல். தேய்த்தபின் கழுவுவது கிடையாது. துணியால் துடைத்தால் பளபளக்கிறது.

ஜெய்சால்மர் பக்கம் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லி மீட்டரைத் தொடாது. 2005 ஜூலை 26-ல் மும்பை சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் பெய்ததே, நினைவிருக்கிறதா? அன்று இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு போய்ச் சேர்ந்தவன் நான். அந்த ஒரு நாள் மழை இங்கே ஏறக்குறைய ஐந்து ஆண்டு மழை.

அந்தக் கொஞ்ச மழையை இவர்கள் பிடித்து வைக்கும் விதத்தை இரண்டாம் நாள் பார்த்தோம். "பேரி" என்று ஒரு குறுகலான கிணறு. பெய்த மழை மணலுக்குள் இறங்குகிறது. சில இடங்களில் அடியில் ஜிப்சம் பாறை அடுக்கு இருக்கிறது. அது தண்ணீரை மேலும் கீழே போகவிடாமல் தடுக்கிறது. அதற்குக் கீழே உள்ள தண்ணீர் உப்பு. மேலே தங்கிய ஈரம் கிணற்றுக்குள் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. இரவெல்லாம் ஊறினால் காலையில் சில குடம் கிடைக்கும். இரண்டு பெண்கள் இறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கேனில் கொஞ்சம் வாங்கலாமே என்றேன். "அது அவர்கள் வீட்டுத் தண்ணீர் பாபுஜி" என்று சொல்லிவிட்டு நடந்தார் காகாசா.

ஊருக்குள்ளே கதை வேறு. 1156-ல் கட்டப்பட்ட ஜெய்சால்மர் கோட்டையின் உள்ளேயே விடுதிகள் பெருகின. குழாய்த் தண்ணீர் வந்தது. கழிவுநீர் அடித்தளத்தில் இறங்கியது. கொத்தளங்கள் சில இடிந்தே போயின. 800 ஆண்டு தாக்குப்பிடித்த கோட்டைக்குச் சுற்றுலாப் பயணியின் குளியலறை எமனாக வந்தது!

பாலைவனம் முழுக்க மணல்மேடு என்று நினைத்துத்தான் நானும் போனேன். 3,162 சதுர கிலோ மீட்டர் பரப்புள்ள பாலைவன தேசியப் பூங்காவில் ஐந்தில் ஒரு பங்குதான் மணல்மேடு. மற்றதெல்லாம் புல்வெளி, சரளைக்கல், எருக்கு, இலந்தை. பூங்காவுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். நாங்கள் அதன் ஓரமாகவே நடந்தோம். மணல்மேட்டில் ஏறவும் முறை இருக்கிறது. காற்று வரும் பக்கம் மணல் இறுகிக் கிடக்கும். மறுபக்கம் பொலபொலவென்று சரியும். ஒட்டகத்தின் தடத்திலேயே கால் வைத்தால் பாதிக் களைப்பு மிச்சம்.

நகரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோ மீட்டரில் சாம் என்ற இடம் இருக்கிறது. பெரும்பாலான பயணிகள் போவது அங்கேதான். கூடாரங்கள், ஜீப் சவாரி, இரவு ஒலிபெருக்கி ஆட்டம். அந்த ஜீப்புகளால் ஒட்டகக்காரனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ஒட்டகம் தின்னும், ஜீப் நின்றால் தின்னாது" என்றார். 2012-ல் நாட்டில் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம். காகாசாவிடம் நான்கு இருந்தன. இப்போது இது ஒன்று.

பார்க்காத பறவை

கானமயிலைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ராஜஸ்தானின் மாநிலப் பறவை அது. 15 கிலோ வரை எடை. பொதுவாக ஆண்டுக்கு ஒரே முட்டை. இன்று எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு. பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். பறக்கும்போது நேர் எதிரே இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. காற்றாலை, சூரிய மின்சாரக் கம்பிகளில் மோதிச் சாகிறது. கம்பிகளை மண்ணுக்கு அடியில் போடும்படி 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. எல்லா இடத்திலும் அது முடியாது என்று 2024 மார்ச்சில் திருத்தி, நிபுணர் குழுவை அமைத்தது. 2019 முதல் சாமில் குஞ்சு பொரிக்க வைத்தும் வளர்க்கிறார்கள்.

மூன்று நாளில் சிங்காரா மான் பார்த்தோம், கழுகு பார்த்தோம். கானமயில் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள் சாலையோர டீக்கடையில், "அண்ணாச்சி, நீங்க தமிழா?" என்று ஒரு குரல். ராதாபுரம் பக்கத்துப் பையன். முப்பந்தலில் காற்றாலை வேலை பழகி, இங்கே பராமரிப்புக்கு வந்திருக்கிறான். வீட்டுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். தங்கை கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வருடம் இங்கே இருக்க வேண்டுமாம். அவனிடம் கம்பியைப் பற்றியும் பறவையைப் பற்றியும் பேச எனக்கு வாய் வரவில்லை. அவனே சொன்னான்: "பெரிய பறவை ஒண்ணு செத்துக் கிடந்ததைப் பார்த்தேன் அண்ணாச்சி. என்ன பறவைன்னு தெரியல." டீக்குக் காசு கொடுக்கவும் விடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். இரவில் குளிர் எலும்பைத் தொடும். எல்லை மாவட்டம், அடையாள அட்டை அவசியம். பழகிய ஷூவையே போடுங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பஸ் நிற்கும் இடத்தில் பணத்தைக் கொடுத்தோம். காகாசா எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் வைத்தார். கேனில் மிச்சம் இருந்த தண்ணீரை எங்கள் குப்பியில் ஊற்றினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பாபுஜி, ரயில்வேயில் ஆள் எடுப்பார்களா? என் மகன் பத்தாவது பாஸ். ஒட்டகத்தோடு நடக்க மாட்டேன் என்கிறான்."

பரீட்சை எழுத வேண்டும், அறிவிப்பு வந்தால் அனுப்புகிறேன் என்று சொல்லி, மகனின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். சுமை இறங்கிய ஒட்டகம் முன்னால் போக, அவர் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.